இடது கை தனியாக வாசித்த நாட்கள்

உடம்புக்கு என்ன என்று கேட்டவர்களிடம் எல்லாம் "ஸ்ட்ரோக்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டேன். அதற்கு மேல் சொன்னால் கேட்பவர் முகம் மாறிவிடுகிறது. என் இடது கையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, ஊரில் மழை உண்டா என்று பேச்சைத் திருப்பிவிடுகிறார்கள். இப்போது தேறிவிட்டேன். கல்லூரிக்குப் போய் வருகிறேன். எனக்கு வந்தது போல வேறு யாருக்காவது வந்து, பேய் பிடித்துவிட்டது என்றோ புத்தி பேதலித்துவிட்டது என்றோ பயந்து வெளியே சொல்லாமல் இருந்தால், அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். கணவர் குமாரசாமிக்குச் சென்னிமலையில் போர்வை வியாபாரம். வாரத்தில் பாதி நாள் அங்கேதான். மகள் நிவேதா வேலைக்காகப் பெங்களூர் போன பிறகு வீடு ரொம்பவும் அமைதியாகிவிட்டது. அப்போதுதான் வயலின் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். நாற்பதைத் தாண்டியிருந்தேன். சொல்லிக்கொடுத்தது பக்கத்துத் தெரு ஜெனி. என்னைவிடப் பல வயது சின்னவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் வாசிப்பாள், மற்ற நாட்களில் கர்நாடக சங்கீதம் சொல்லித்தருவாள். அவள் என்னை "அக்கா" என்பாள், நான் அவளை "டீச்சர்" என்பேன். இரண்டு பேருக்குமே அது கொஞ்சம் கூச்சம்தான்.

ஜெனி வேகத்தைக் கிட்டே சேர்க்கமாட்டாள். ஒரு ஸ்வரத்துக்கு ஒரு முழு வில் இழுக்கச் சொல்வாள். விரல் இறங்கும் இடம் ஒரு நூலிழை விலகினாலும் மறுபடி முதலிலிருந்து. "மெதுவா வாசிக்கத் தெரியாதவங்களுக்கு வேகமாவும் வாசிக்க வராதுங்கக்கா. வேகமா வாசிக்கற மாதிரி ஒரு தோற்றம்தான் வரும்" என்பாள். சரளி வரிசை என்கிற முதல் பாடமே மாதக்கணக்கில் ஓடியது. பிறகு ஜண்டை, அலங்காரம், கீதம். கடைசியில் மோகன ராகத்தில் ஒரு வர்ணத்துக்கு வந்து சேர்ந்தோம். வர்ணத்தை முதல் காலத்தில், அதாவது மெதுவாக, வாசித்துவிடுவேன். அதையே இரட்டிப்பு வேகத்தில் வாசிக்கப் போனால் சரணத்தில் ஒரு இடத்தில் மோதிர விரல் தடுமாறி எல்லாம் சரிந்துவிடும். இத்தனை வருடம் உட்கார்ந்தும் கைக்கு ஓட்டம் வரவில்லையே என்று எனக்கு ஆற்றாமை உண்டு.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காப்பி குடித்துவிட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். தலைக்குள் ஏதோ ஒன்று நழுவியது போல இருந்தது. வலி இல்லை, மயக்கமும் இல்லை. சரி, போதும் என்று வில்லை எடுத்துப் பாயில் வைத்தேன்.

இடது கை விரல்கள் நிற்கவில்லை.

வில் இல்லாமல் விரல் மட்டும் தந்தியில் விழும்போது ஒரு சின்னச் சத்தம் வரும், தகரத்தில் தூறல் ஆரம்பிப்பது போல. அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வாசிப்பதை நிறுத்திவிட்டேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். என் கண் முன்னால் என் விரல்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. "நில்லு" என்று மனதுக்குள் சொன்னேன். பிறகு வாய்விட்டுச் சொன்னேன். வலது கையால் பிடித்து இழுத்துத்தான் அதைத் தந்தியிலிருந்து பிரிக்க வேண்டியிருந்தது.

"ஏனுங்க, இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டேன். எழுந்திருக்கப் பார்த்தபோது இடது கால் மடங்கியது.

நல்லவேளை, அன்று அவர் வீட்டில் இருந்தார். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு என்னைத் தூக்கிக் காரில் உட்காரவைத்து சீட் பெல்ட்டை மாட்டிவிட்டார். சிக்னலைத் தாண்டுவதற்குள் இடது கை குறுக்கே வந்து பெல்ட்டைக் கழற்றியது. நான் வலது கையால் மாட்டினேன். அது மறுபடி கழற்றியது.

"ஏன் அம்மணி கழட்டற?" என்றார்.

"நான் கழட்டலீங்க."

"பின்ன ஆரு கழட்டறாங்க?"

நான் மறுபடி மாட்டிய பெல்ட்டை வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரியில் முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. கசிவு இல்லை, அடைப்புதான் என்று தெரிந்ததும், உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். சீக்கிரமாகக் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று என்றார்கள். அந்த ஊசியால் ரத்தம் கசியவும் வாய்ப்பு உண்டு என்று சொல்லி அவரிடம் கையெழுத்து வாங்கியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ சரக்குக்குக் கையெழுத்துப் போட்டவர், பேனாவை வாங்கிய பிறகும் எழுதாமல் நின்றார்.

மறுநாள் எம்.ஆர்.ஐ. குகை மாதிரி ஒரு குழாய்க்குள் படுக்கவைத்துத் தள்ளிவிடுவார்கள். காதை அடைத்தாலும் சம்மட்டி அடிப்பது போலச் சத்தம். ஆடக்கூடாது. மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன். எல்லாம் முடிந்து வெளியே இழுத்தபோது, ஸ்கேன் எடுத்த பெண் கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஆடாம இருங்கன்னு சொன்னனுங்களே. உள்ள எதுக்குங்க தட்டிட்டே இருந்தீங்க?"

நான் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கழுத்துக்குக் கீழே எனக்குத் தெரியாமல் என்ன நடந்தது என்று நினைத்ததும் வாயை மூடிக்கொண்டேன். இரண்டாவது முறை அந்தக் கையைத் துணியால் சுற்றிக் கட்டி உள்ளே அனுப்பினார்கள்.

நரம்பியல் மருத்துவர் கண்ணாடி போட்ட இளம் பெண். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் விளக்கினார். மூளை இரண்டு பாதியாக இருக்கிறது. வலது பாதி இடது கையை ஆட்டுவிக்கிறது, இடது பாதி வலது கையை. பேச்சும், 'இதைச் செய்யலாம்' என்கிற முடிவும் பெரும்பாலும் இடது பாதியில். இரண்டுக்கும் நடுவில் நரம்பாலான ஒரு பாலம் இருக்கிறது. இதயத்துடிப்பு சீராக இல்லாததால் இதயத்தில் உறைந்த ஒரு துளி ரத்தம் மேலே போய், அந்தப் பாலத்துக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டது.

"அதனால நீங்க நெனைக்கறது உங்க இடது கைக்குப் போய்ச் சேரலீங்க. கை நல்லா இருக்கு, பலமும் இருக்கு. ஆனா உத்தரவு வர்றதில்ல. அதுபாட்டுக்கு எதையாச்சும் செய்யும். இதுக்கு நாங்க வெச்ச பேரே அந்நியக் கைங்க. அபூர்வமா வரும். நெறையப் பேருக்குப் போகப்போகச் சரியாகுது."

"நெறையப் பேருக்குன்னா, எனக்குங்களா?"

"முயற்சி பண்ணுவோமுங்க" என்றார்.

பேர் தெரிந்துவிட்டால் பயம் பாதி குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை. வலது கை கரண்டியில் இட்லியை வாய்க்குக் கொண்டு போகும்போது, இடது கை வந்து கரண்டியை மெல்ல வாங்கித் தட்டில் வைத்துவிடும். நர்ஸின் துப்பட்டாவைப் பிடித்தால் விடாது. நிவேதா வீடியோவில் கூப்பிட்டு, "அம்மா, நாளைக்கு வாரேம்மா" என்று அழுதுகொண்டிருந்தபோது இடது கை வந்து சிவப்புப் பொத்தானை அமுக்கியது. அவள் மறுபடி கூப்பிட்டாள். மறுபடி அமுக்கியது. அதன் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கோபித்துக்கொண்டு திட்டக்கூடச் செய்தேன். திட்டி முடித்ததும்தான், என் உடம்பில் நான் திட்டுவதற்கு இன்னொரு ஆள் இருக்கிறது என்று நானே ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று உறைத்தது.

பில் வரும்போதெல்லாம் என் கணவர் திரும்பி நின்று மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார். எனக்குக் காட்டமாட்டார். நிவேதா வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள்; அவர் சென்னிமலைப் பக்கமே போகவில்லை. பகலெல்லாம் கட்டிலின் இடது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். அதற்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்தால் சும்மா இருக்கும். ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காத மல்லிகா. இத்தன வருசமா உன்ற கையப் புடிச்சிருக்கறேன். இது உன்ற கை புடிக்கற மாதிரி இல்ல. வேற ஆரோ புடிக்கறாப்ல இருக்குது."

"விட்டுருங்க அப்ப."

"அதெப்படி உடறது?" என்று இன்னொரு கையையும் சேர்த்து வைத்துக்கொண்டார்.

அவருடைய அக்கா, எங்கள் முறையில் எனக்கு நங்கை, பெருந்துறையிலிருந்து வந்தார். தூக்குப்போசியில் ரசம் சோறு, ஒரு பொட்டலத்தில் திருநீறு, முந்தானையில் முடிந்த மஞ்சள் கயிறு. சென்னிமலை முருகன் பாதத்தில் வைத்து வாங்கி வந்த கயிறு. இடது கையில் கட்டப் போனார். அது நழுவி நழுவி விலகியது. "செரி, இந்தக் கைலயே கட்டறேன் சாமி" என்று வலது மணிக்கட்டில் கட்டி, நல்ல முடிச்சாக மூன்று போட்டு, நெற்றியில் திருநீறு இட்டார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது இடது கை வந்து வலது மணிக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. கயிறைப் பிய்த்து இழுக்கவில்லை. ஆள்காட்டி விரல் முடிச்சைத் தடவிப் பார்த்தது. நகம் ஒரு இழைக்குள் நுழைந்தது. கொஞ்சம் தளர்த்தியது. நின்றது. மறுபடி தளர்த்தியது. அவசரமே இல்லை. முதல் முடிச்சு அவிழ்ந்தது. நங்கை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் நகரவில்லை. நானும் தடுக்கவில்லை, தடுக்கத் தோன்றவில்லை. மூன்றாவது முடிச்சும் அவிழ்ந்ததும் கயிறை நீளவாக்கில் நேராக்கிப் போர்வை மேல் வைத்துவிட்டு, கை தன் இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

"இது கோவமா செய்யல கண்ணு" என்றார் நங்கை. "கோவமா செஞ்சிருந்தாக்கூடத் தேவலை."

அதற்கு அடுத்த நாள் காலையில்தான் அது வாசிக்க ஆரம்பித்தது.

வலது கை மார்பின் மேல் குறுக்காகக் கிடந்தது. இடது கை எழுந்து வந்து வலது முன்கையைப் பிடித்தது, வயலின் கழுத்தைப் பிடிக்கும் அதே பிடி. கட்டைவிரல் அடியில், நான்கு விரல்கள் மேலே. பிறகு விரல்கள் என் தோலை அழுத்தின. ஒன்று, அப்புறம் அடுத்தது. சில சமயம் எல்லாம் எழுந்து நின்றன, அப்புறம் மறுபடி ஒன்று. வலது கைக்கு அழுத்தம் தெரிந்தது. அழுத்துகிற விரல்களில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னொருவர் கைக்கு அடியில் நான் வாத்தியமாகக் கிடந்தேன். வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

என்ன வாசிக்கிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜெனியை வரச்சொன்னேன்.

மத்தியானம் வந்தாள். ஆரஞ்சுப் பழப் பையை மேசையில் வைத்துவிட்டு, நலம் விசாரித்துக்கொண்டே இருந்தவள், என் கை எழுந்து முன்கையைப் பிடித்ததும் பேச்சை நிறுத்தினாள். குனிந்து பார்த்தாள். விரல் எல்லாம் எழுந்தால் அது திறந்த தந்தி. எந்த விரல் எவ்வளவு தள்ளி இறங்குகிறது என்பதை வைத்து ஸ்வரத்தைச் சொல்லிவிடுவாள். மெல்ல முணுமுணுத்துப் பாட ஆரம்பித்தாள்.

"நம்ம வர்ணமுங்கக்கா" என்றாள். "முதல் காலம். அப்படியே சொல்லிக் குடுத்த மாதிரி."

பல்லவி முடிந்தது. அனுபல்லவி முடிந்தது. நானும் அவளும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசிவரை போய் நின்றது. ஜெனி நிமிர்ந்தாள். கை மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை இரட்டிப்பு வேகம். ஜெனி பாட முடியாமல் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு கூடவே ஓடினாள். சரணம் வந்தது. நான் எப்போதும் சரிகிற இடம் வந்தது, போனது. மோதிர விரல் தடுமாறவில்லை.

ஜெனியின் கண்ணில் தண்ணீர். "தப்பே வரலீங்கக்கா. ஒரு எடத்துலகூட வரல." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு இது வராதுன்னு நெனச்சுட்டிருந்தமுங்களே" என்றாள்.

"எனக்கு வரலியே டீச்சர்" என்றேன். "அதுக்குத்தான் வந்திருக்குது."

மருத்துவரிடம் கேட்டேன். திரும்பத் திரும்ப மெதுவாகச் செய்தது மூளையின் ஆழத்தில் போய்த் தங்கிவிடும், நாம் அதைக் கண்காணித்துக்கொண்டே இருப்பதால் சில சமயம் அதற்கு வழி கிடைக்காது, இப்போது கண்காணிப்பு அறுந்ததால் வெளியே வருகிறதோ என்னவோ என்றார். "உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஆனா நீங்க போட்டது எதுவும் வீணாப் போகல." ஆறுதலாகத்தான் சொன்னார். இத்தனை வருடம் நான் தேடிய ஓட்டம் எனக்குள்ளேயே இருந்திருக்கிறது, என்னைத் தவிர்த்துவிட்டு.

கால் கொஞ்சம் தேறியதும் பயிற்சிக் கூடத்துக்குச் சக்கர நாற்காலியில் கொண்டு போனார்கள். கைப்பயிற்சி தருகிறவர் ஷாலினி. உரக்கப் பேசுகிறவர், எதற்கும் அசராதவர். கையின் கதையைக் கேட்டதும், "வயலினக் கொண்டாரச் சொல்லுங்க, பாத்துபோடலாம்" என்றார். ஜெனியும் கொண்டுவந்தாள். பட்டப்பகல். ஜன்னல் வெயில் தரையெல்லாம் விழுந்திருந்தது. கூடத்தில் ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்து நடந்து பழகிக்கொண்டிருந்தார். யாரோ பந்தை அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மெத்தை மேல் உட்காரவைத்து வயலினைச் சாய்த்துக் கொடுத்தார்கள். இடது கை தானாகப் போய்க் கழுத்தைப் பிடித்தது. நான் வலது கையால் வில்லை வைத்து இழுத்தேன்.

அந்த நாதத்தை நான் அதுவரை வாசித்ததில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் இருக்கவேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்தது. அசைவுகள் தண்ணீர் வழிவது போல வந்தன. நான் செய்ததெல்லாம் வில்லை இழுத்தது மட்டும். கம்பியைப் பிடித்து நடந்த பெரியவர் நின்றுவிட்டார். என் கணவர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் பார்த்ததில்லை. எனக்கு முதுகில் வியர்வை ஓடியது. என் மடியில் யாரோ உட்கார்ந்து, என் கைகளுக்குள் தன் கைகளை விட்டு வாசிப்பது போல இருந்தது. அந்த ஆளுக்கு நான் அங்கே இருப்பதே தெரியாது.

போதும் என்று வில்லை எடுத்தேன்.

இடது கை தந்தியை விட்டு எழுந்தது. குறுக்கே வந்து என் வலது மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்து, வில்லோடு சேர்த்து, மெல்ல, மறுபடி தந்தியின் மேல் கொண்டுவந்து வைத்தது.

நான் கத்தினேன். ஷாலினியும் என் கணவரும் சேர்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்கள். மணிக்கட்டில் விரல் பதிந்த தடம் சிவந்து கிடந்தது. என் விரல் தடம். ஜெனி வயலினைப் பெட்டியில் போட்டு மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"வேண்டாமுங்க, இனி அந்த வயலினே வேண்டாம்" என்றார் அவர். "ஊட்ல வெச்சிருக்கக்கூடாது. ஆருக்காச்சும் குடுத்துபோடலாம்."

ஷாலினி அவரை உட்காரச் சொல்லிவிட்டு என் பக்கம் வந்தார். "பயந்துட்டீங்க, ஞாயந்தானுங்க. ஆனா ஒண்ணு கேளுங்க. அந்தக் கைக்கு இதவிடப் பிரியமான வேலை வேற ஒண்ணும் இல்ல. அதனால இதுலதான் அதப் புடிக்கோணும். உள்ளுக்குள்ள பாலம் ஒடஞ்சிருக்கு. வெளிய ஒரு வழி இருக்குதுங்க. வாய்விட்டுச் சொன்னா உங்க சத்தம் உங்க காது வழியா ரெண்டு பக்கத்துக்கும் போகும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் மொதல்ல வாயில சொல்லுங்க. சொன்ன பொறவு விரல் எறங்கட்டும். சொல்றதுக்கு முன்னாடி எறங்குச்சுன்னா வில்ல எடுத்துருங்க."

"அப்படிச் செஞ்சா அந்த வாசிப்பு என்ன ஆகுமுங்க?" என்று ஜெனி கேட்டாள்.

ஷாலினி உதட்டைப் பிதுக்கினார். "தெரியலீங்க. போயிரலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சரளி வரிசையிலிருந்து ஆரம்பிக்கலாம் டீச்சர்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் மிச்ச நாட்களும், வீட்டுக்கு வந்த பிறகு மாதங்களும் அப்படித்தான் போயின. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, காலுக்கு நடை, கைக்கு ஜெனி. "ரி" என்று சொல்வேன். ஆள்காட்டி விரல் இறங்கினால் வில்லை இழுப்பேன். பெரும்பாலும் நான் சொல்வதற்குள் கை முழு வரிசையையும் ஓடி முடித்திருக்கும். வில்லை எடுத்துவிட்டுக் காத்திருப்பேன். அது வில்லைத் தேடி வரும். அதற்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சென்னிமலைப் போர்வையின் நுனியைப் பிடிக்கக் கொடுப்பார். பொறுமையில் அது என்னை மிஞ்சியது. அதற்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

அதைவிடக் கஷ்டம், வாயைத் திறக்காமல் இருந்துவிடலாமே என்கிற ஆசை. நான் சும்மா இருந்தால் போதும், வர்ணம் முழுசும் வந்துவிடும். ஒருநாள் ஜெனியே தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, ஒரே ஒருக்கா உட்டுப் பாக்கலாமுங்களா? எனக்கே அந்த மாதிரி வாசிக்க வராதுங்க."

அவள் கேட்டதில் தப்பில்லை. எனக்கும் அதே ஏக்கம்தான். மணிக்கட்டைக் காட்டினேன். தடம் எப்போதோ மறைந்திருந்தது. ஆனாலும் அவள் புரிந்துகொண்டு, "ரி சொல்லுங்கக்கா" என்றாள்.

கை முதலில் விட்டது கரண்டியை. அப்புறம் சட்டைப் பொத்தான் போட ஒத்துழைத்தது. ஒருநாள் சூடான பாத்திரத்தில் பட்டதும் "ஸ்" என்று நானே கையை இழுத்தேன். சுட்டது எனக்குச் சுட்டது. சமையலறையில் நின்று சந்தோஷத்தில் அழுதேன். அவர் ஓடிவந்து பர்னால் களிம்பைத் தேடினார்.

போன வாரம் அவர் சென்னிமலையிலிருந்து சீக்கிரமாக வந்துவிட்டார். நான் பாயில் உட்கார்ந்து தந்தியைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டார்.

"கோவிச்சுக்காத மல்லிகா. அன்னைக்கு ஆஸ்பத்திரில வாசிச்சயே, அதே மாதிரி ஒருக்கா வாசிக்கிறயா? பயமாத்தான் இருந்துச்சு. ஆனா காதுலயே நிக்குது."

மறுக்க மனம் வரவில்லை. இப்போது பயமும் அவ்வளவு இல்லை. வில்லைத் தந்தியில் வைத்தேன். வாயை மூடிக்கொண்டேன். இழுத்தேன். திறந்த தந்தி ஒலித்தது. கையிடம் ஒன்றும் சொல்லாமல், ஒன்றும் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். போ, உன் இஷ்டம் என்று விட்டேன்.

வில் நுனிவரை வந்தது. திரும்பிப் போனது. மறுபடி வந்தது. விரல்கள் தந்திக்கு மேலே வளைந்து அப்படியே நின்றன. நான்கும் என்னைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தன.

அவர் வாசலிலேயே நின்றார். வெளியே ஒரு பேருந்து போய் ஓயும்வரை நானும் காத்திருந்தேன்.

பிறகு "ரி" என்றேன். ஆள்காட்டி விரல் இறங்கியது, கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் கரகரப்பாக.